காய்ச்சல் என்று எழுத நினைத்தேன்

நாலு நாளாகக் காய்ச்சல். நேற்று ஹட்டனுக்குப் போய் மருந்து எடுத்தேன். டாக்டர் துண்டில் எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லைப் பஸ்ஸில் விரித்துப் பார்த்ததும் நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். இன்ஃபுளுவென்சா. அதற்குமேல் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்க முடியவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டியதை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

நாம் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் பிறந்தவர்கள், ஒரே வகுப்பில் படித்தவர்கள். நீ ஆங்கில டீச்சர் ஆனாய். நான் தோட்டத்து ஆபீசில் கிளார்க் ஆனேன். நீ ஒவ்வொரு சொல்லையும் துருவிப் பார்ப்பாய். நான் பழைய ஃபைலில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுவேன். அந்தப் பழக்கம்தான் உன் அண்ணனைக் கொண்டுபோய்க் கவிழ்த்தது.

அண்ணன் அன்று காய்ச்சலோடு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போயிருந்தார். தலை சுற்றிச் சரிவில் விழுந்ததில் கையிலிருந்த கத்தி முழங்காலைக் கிழித்துவிட்டது. விபத்து அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். 'காரணம்' என்ற இடத்தில் சின்னக் கட்டம். டிஸ்பென்சரி துண்டில் இன்ஃபுளுவென்சா என்று இருந்தது. பழைய அறிக்கை ஒன்றில் 'அண்டர் த இன்ஃபுளுவன்ஸ்' என்று பார்த்த ஞாபகம். இரண்டும் ஒன்றுதான், இதுதான் திருத்தமான ஆங்கிலம் என்று நினைத்து அதையே எழுதினேன். தோட்டத்து மேனேஜர் தொர வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து பதில் வந்தது. குடிபோதையில் வேலை செய்தவருக்கு, விசாரணை முடியும்வரை வேலை இல்லை.

குடிப்பவர் பக்கத்தில்கூட உட்காராத மனுஷன். அந்த வருஷம் காவடி எடுக்க விரதம் வேறு இருந்தார். கோயில் தலைவர் உங்கள் வாசலில் நின்றபடியே, "இந்த வருஷம் வேணாம் தம்பி. ஆளுங்க ஒரு மாதிரி பேசுறாங்க" என்றார். அண்ணன் கையில் கட்டியிருந்த விரதக் காப்பை அவிழ்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நீ ஆபீசுக்கு வந்தாய். அறிக்கையைக் கேட்டு வாங்கி வாசித்தாய். என் கையெழுத்து உனக்குத் தெரியாததா?

"இது காய்ச்சல் இல்லடி. இப்படி எழுதினா குடிச்சிருந்தாருன்னு அர்த்தம்."

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"சொல்லோட வேர் ஒண்ணுதான்" என்றாய். கோபப்படக்கூட உனக்குத் தெம்பு இருக்கவில்லை.

நேராகத் தொரையின் அறைக்குப் போய் ஆங்கிலத்தில் பேசினாய். டாக்டரின் கடிதம் வந்தால் திருத்தி அனுப்பலாம் என்றார் அவர். டிஸ்பென்சரி டாக்டர் லீவில் நோர்வூட்டில் இருந்தார். மழையில் நாம் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வழியில் நீயாகவே சொன்னாய்: அந்தக் காலத்தில், நட்சத்திரத்திலிருந்து ஏதோ ஒன்று மனுஷனுக்குள்ளே ஒழுகி வந்து அவனை ஆட்டுகிறது என்று நம்பினார்களாம். உள்ளே ஒழுகுவதுதான் இன்ஃபுளுவன்ஸ். ஊரே காய்ச்சலில் விழுந்தபோது அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். பிறகு பெரிய ஆட்களின் அதிகாரத்துக்கும், சாராயம் மனுஷனை ஆட்டுவதற்கும் அதே சொல் வந்துவிட்டது.

"நம்ம பாஷையில பாரு, செல்வாக்கு. சொன்ன வாக்கு செல்லணும். எங்கண்ணன் வாக்கு ஆபீஸ் வாசல் வரைக்கும்கூட செல்லல."

நான் ஈரக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கடிதம் கொடுத்தார். அறிக்கையைத் திருத்தினார்கள், அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அதற்குள் திருவிழா முடிந்திருந்தது. அடுத்த வருஷம் தலைவரே வந்து கூப்பிட்டபோது, "வேணாங்க, விடுங்க" என்றார் அண்ணன். அப்புறம் அவர் காவடி எடுக்கவே இல்லை.

நோர்வூட்டிலிருந்து திரும்பும்போது, "எழுதினது நீதான்னு அண்ணன்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றாய். நான் சொல்லவில்லை. நீ மறுபடி கேட்கவும் இல்லை. ஆனால் நான் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னையும் அண்ணனையும் உட்காரவைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போய்விடுவாய். ஒரு தேத்தண்ணிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். நீ தட்டோடு வந்து என் முகத்தைப் பார்ப்பாய். எத்தனை வருஷம்! நோய் உன்னைப் படுக்கையில் போட்ட பிறகும், நான் வந்தால் அண்ணனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரச் சொன்னாய்.

உன் கருமாதி முடிந்த அன்று சொன்னேன். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நீயா எழுதின? நான் தொரதான் எழுதினாருன்னு இத்தன வருஷமா அவரை ஏசிக்கிட்டு இருந்தேன்." பிறகு, "தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் அண்ணே."

"அதான் உன் பக்கத்துல உட்காரச் சொல்லிக்கிட்டே இருந்தாளா" என்று எழுந்து போய், பந்தல் கம்புகளை ஒவ்வொன்றாகச் சுவரில் சாத்தினார். மன்னித்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெருவில் கண்டால் பேசுகிறார். அவ்வளவுதான்.

இப்போது யாருக்கு என்ன எழுதினாலும், கையெழுத்து வாங்குவதற்கு முன் அதைத் தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். வேலை இரண்டு மடங்கு ஆகிறது, களைப்பாகவும் இருக்கிறது. போன கிழமை கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தி பாதியில் நிறுத்தி, "நான் அப்படிச் சொல்லலயே தங்கச்சி" என்றாள். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

"சரி, நீங்க சொல்லுங்கக்கா" என்றேன்.