மேல் வீட்டுக்கு முதல் தண்ணி

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சுபாஜினிக்கு அம்மா எழுதிக்கிறது. பிள்ளையார் புண்ணியத்துல இங்க நானும் அப்பாவும் தம்பி யுகேஷும் கைகால் சுகத்தோட இருக்கோம், நீயும் அந்த தோகா வெயில்ல வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கேங்கிற நம்பிக்கையிலதான் பேனாவக் கையில எடுத்திருக்கேன். போன் இருக்கும்போது அம்மா என்னத்துக்குக் கடுதாசி எழுதுறான்னு சிரிப்ப. சிரி, பரவால்ல. போன்ல பேசினா நீ சரிம்மா சரிம்மான்னுட்டு வச்சிடுற, நான் சொல்ல வந்ததுல பாதி தொண்டையிலயே நின்னுடுது. பாயிஸா அக்கா மகன் பஹீம் லீவு முடிஞ்சு வியாழக்கிழமை அங்க திரும்பிப் போறான், அவன் கையில இதையும் மிளகாத்தூளும் தேசிக்காய் ஊறுகாயும் குடுத்து விடுறேன். ஊறுகாய்ப் போத்தல நிமித்தி வைன்னு மூணு தரம் சொல்லிட்டேன், கேக்குற ஆளா அவன், தெரியாது. ஒழுகியிருந்தா கடுதாசியத்தான் முதல்ல தொடச்சு எடுக்கணும் நீ.

போன ஞாயித்துக்கிழமை நீ சொன்னது மனசுக்குள்ள கெடந்து அரிச்சுக்கிட்டே இருக்கு. ஹோட்டல்ல துணி வெளுக்கிற பகுதிக்கு உன்னப் பொறுப்பா போடப் போறாங்கன்னும், உனக்குக் கீழ பதினோரு பேருன்னும், வர்ற ஞாயித்துக்குள்ள பதில் சொல்லணும்னும் சொன்ன. சொல்லிட்டு, நான் வேணாம்னுதான் சொல்லப் போறேன்னும் சொன்ன. ஏன்னு கேட்டா, எனக்கு ஆளுங்கள ஆட்டிவைக்கத் தெரியாதும்மா, நான் அப்பா மாதிரி, குடுத்த வேலையச் செஞ்சிட்டு வாய மூடிட்டுப் போற ஆளுன்னு சொன்ன. அன்னைக்கு நான் மறுபேச்சு பேசல. எனக்கு வாயடைச்சுப் போற நாள் வருஷத்துல ஒண்ணோ ரெண்டோ, அதுல அது ஒண்ணு. ஏன்னா நீ அப்பா மாதிரின்னு இத்தன வருஷமா உன்னத் திட்டுறதுக்குத்தான் நான் சொல்லியிருக்கேன், இப்ப அதே சொல்ல நீயே எடுத்து உன்மேல போட்டுக்கிட்ட. மழை நேரம் இங்க நடந்ததுல பாதிய உனக்கு நாங்க சொல்லல. தூரத்துல இருக்கிற புள்ள, கேட்டுப் பயந்துருவான்னு எல்லாம் சுகம் எல்லாம் சுகம்னே சொல்லிட்டோம். இப்ப சொல்றேன், பொறுமையாப் படி.

அப்பாவோட வேலை உனக்குத் தெரிஞ்சதுதான். இருபத்தாறு வருஷமா தண்ணி ஒபிஸுக்காக அந்த நீட்டு வால்வுச் சாவியத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டு ரோட்டாப் போயி தண்ணி தொறந்து விடுறதும் மூடுறதும். அவருக்குப் பின்னால வந்த ஜெயராஜ் சுப்பவைசராகி மோட்டார் சைக்கிள்ல போறாரு, நம்ம ஆளு இன்னும் நடை. அந்தப் பதவிப் பரீட்சைக்கு விண்ணப்பப் பேப்பரக் கொண்டு வந்து அலுமாரிக்குள்ள வச்சாரே தவிர ஒரு தரமாவது நிரப்பினாரா. அதுக்காக நான் அவரப் பேசாத பேச்சில்ல, நீயும் யுகேஷும் சோத்துக்கோப்பையத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடுற அளவுக்குப் பேசியிருக்கேன். நாலு பேர வேலை வாங்கத் தெரியாத மனுசன்னு அக்கம்பக்கத்துக்கும் கேக்குற மாதிரித்தான் சொல்லுவேன். எனக்கு எப்ப மெதுவாப் பேசத் தெரிஞ்சிருக்கு.

அப்படி இருக்க ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒம்பது நாள் விடாம மழை. மலை சரிஞ்சு பெரிய குழாய் உடைஞ்சு போச்சு, தண்ணி இறைக்கிற மோட்டருக்குள்ளயும் சேறு. சுத்தி வர மகாவலி ஆறு பொங்கிப் போகுது, வீட்டுப் பைப்புல ஒரு சொட்டுக் கெடையாது. நாலு நாளைக்குப் பிறகு ஏதோ செஞ்சு, காலையில அஞ்சு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் மட்டும் நம்ம லேனுக்குத் தண்ணி விடலாம்னு ஒபிஸ்ல ஒரு பேப்பர் எழுதி அப்பா கையில குடுத்தாங்க. அவரும் பேப்பர்ல இருந்தபடியே அஞ்சு மணிக்குத் தொறந்தாரு, ஏழு மணிக்கு மூடினாரு. நம்ம லேன் எப்படின்னு உனக்குத் தெரியும்தானே, ரோட்டுல ஆரம்பிச்சு படி படியா ஏறிக்கிட்டே போகும், நம்ம வீடு கீழ நாலாவது. கீழ் வீட்டுக்காரங்க எல்லாரும் பெரிய தண்ணிப் பரலும் பேசனும் வாளியும் வச்சு ஒரேயடியாத் தொறந்தா தண்ணி எங்க மேல ஏறும். உச்சியில இருக்கிற பதினாலு வீட்டுக்கும் அன்னைக்குக் காத்துதான் வந்திச்சு.

அந்தப் பதினாலு வீட்டுல கடைசி வீடு ரபீகாவோடது. நீ போன பிறகு குடிவந்த புள்ள, மாப்பிள்ளை ரியாத்ல, கையில பொறந்து இருபத்திரெண்டு நாளான குழந்தை. கூட இருக்கிற மாமியாளுக்கு முழங்கால் வலி, படி இறங்க ஏலாது. அந்தப் பச்ச உடம்புக்காரி ரெண்டு கேனைத் தூக்கிக்கிட்டு நூத்திப் பன்னெண்டு படி இறங்கி வந்து ரோட்டுல தண்ணி கொண்டு வர்ற பவுசர் வரிசையில நின்னு, திரும்பி ஏறும்போது பாதியில மயங்கி உக்காந்துட்டா. யாரோ பிடிச்சுக்கிட்டதால பெரிசா ஒண்ணும் ஆகல. அப்பா காதுக்கு அது வந்ததும் நேரா பவுசர் வரிசைக்கிட்டப் போயி, எல்லாரும் நிக்கும்போதே, இது என் பிழை, பேப்பரப் பாத்தேன், மேல ஏறிப் போயி ஒரு பைப்பைத் தொறந்து பாக்கலன்னு தமிழ்லயும் சொல்லி அதையே சிங்களத்துலயும் சொன்னாரு. நான் அந்த வரிசையில வாளியோட நின்னேன். எனக்கு வெக்கமாப் போச்சு, ஒபிஸ் எழுதிக் குடுத்ததுக்கு இந்த மனுசன் எதுக்கு ஊர் முன்னால பழிய ஏத்துக்கிட்டு நிக்கிறாருன்னு ஆத்திரம் வேற.

அன்னைக்குப் பின்னேரமே வீடு வீடா ஏறி இறங்கினாரு. நாளையில இருந்து தண்ணி விட்டதும் முதல் ஒரு மணித்தியாலம் கீழ இருக்கிறவங்க மீட்டர் பக்கத்து வால்வை மூடி வைங்க, மேல் வீடு நெறையட்டும், அடுத்த ஒரு மணித்தியாலம் நாம எடுப்போம், ரெண்டு பேருக்கும் தாராளமாக் காணும்னு கேட்டாரு. அதிகாரம் பண்ணல, கேட்டாரு. ஒபிஸ்ல யாரும் அவர இப்படிச் செய்யச் சொல்லல, செய்யாட்டி யாரும் அவரக் கேக்கவும் மாட்டாங்க. முதல்ல நம்ம வீட்டு வால்வை என் கண்ணு முன்னாலயே முறுக்கி மூடிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போனாரு. சில பேர் தலையாட்டினாங்க, சில பேர் பாப்போம்னாங்க. முக்குல தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிற, ஊரே அண்ணன் முறையில நானான்னு கூப்பிடுற மஹ்மூத் நானா மட்டும், கடையத் தொறக்கிற நேரம் தண்ணி இல்லாட்டி நான் என்னத்த ஊத்திக் குடுக்கிறதுன்னு முகத்துக்கு நேர கேட்டாரு. நியாயம்தானே. அப்பா அடுத்த வாசலுக்கு நடந்தாரு.

இப்ப எழுதப் போறத நான் யாருக்கும் சொன்னதில்ல. மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு அவரு சாவியோட ரோட்டுக்குப் போயிட்டாரு. நான் குசினியில நிக்கிறேன், மூணு நாள் அழுக்குத் துணி குமிஞ்சு கெடக்கு, குழாய்க்குள்ள தண்ணி ஓடுற சத்தம் சுவர் வழியாக் கேக்குது. ஒரு வீடு தொறந்தா என்ன குறைஞ்சிரப் போகுதுன்னு போயி வால்வைத் தொறந்தேன். பரல முழுசா நெறச்சேன். நெறச்சிட்டு மறுபடி மூடி, மேல பலகையப் போட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி தேத்தண்ணி ஊத்த ஆரம்பிச்சேன். என்ன மாதிரியே இன்னும் எத்தன பேரு ஒரு வீடுதானேன்னு நெனச்சாங்களோ, மேல அன்னைக்கு வந்தது நூல் மாதிரித்தான், ஒரு வாளி நெறையக் கால்மணி நேரம் போச்சாம்.

அவரு மேல போயிப் பாத்துட்டு ஈரச் சட்டையோட வந்தாரு. வாசல்ல சிந்திக் கெடந்த தண்ணியப் பாத்தாரு, பலகையத் தூக்கிப் பரலப் பாத்தாரு. நான் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், திட்டினா திருப்பித் திட்ட நாலு வார்த்தை தயாரா வச்சிருக்கேன். அவரு சாவியச் சுவர்ல சாத்தி வச்சாரு. கதிரையில உக்காந்து தேத்தண்ணியக் குடிச்சு முடிச்சாரு, எழும்பி ரெண்டு வாளிய எடுத்துப் பரல்ல மொண்டுக்கிட்டுப் படியேறிப் போனாரு. அப்படி நாலு தரம். இடுப்பு வலிக்காரர், நூத்திப் பன்னெண்டு படி, நாலு தரம். பரல் பாதிக்குக் கீழ வந்ததும் வாளியக் கவுத்து வச்சிட்டு ஒபிஸுக்குப் போயிட்டாரு.

பின்னேரம் ரபீகாவோட மாமியா, அந்த முழங்கால் வலிக்காரி, எவ்வளவு நேரம் எடுத்து இறங்கினாவோ, கம்பியப் பிடிச்சுப் பிடிச்சு நம்ம வாசலுக்கு வந்தா. ஒரு கோப்பையில இனிப்பா வட்டிலப்பம். என் கையப் பிடிச்சுக்கிட்டு, நீங்க உங்க வீட்டுக்குச் சேத்து வச்ச தண்ணிய எங்க புள்ளைக்குக் குடுத்து விட்டீங்களாமே, உங்க வீட்டுக்காரர் பெரியதம்பி அண்ணன் சொன்னாரு, வடிவம்மாதான் அனுப்பினான்னு, அல்லா உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்னு சொல்லி அழுதா. சுபா, அந்த வட்டிலப்பத்த நான் தொடவே இல்ல. அவரு என்ன நாலு அடி அடிச்சிருந்தாலும் இவ்வளவு வலிச்சிருக்காது.

மறுநாள் நாலரைக்கே எழும்பிட்டேன். நம்ம வால்வ மூடினேன், கீழ இருக்கிற மூணு வீட்டுக் கதவையும் தட்டினேன், லேன் மத்தியில இருக்கிற வீடுகளுக்கும் போனேன். அப்பா மாதிரி மெதுவாக் கேக்க எனக்கு வரல, எனக்கு வந்த மாதிரி சத்தம் போட்டுத்தான் கேட்டேன், ஆனா எங்க வீட்ட மூடிட்டேன் வந்து பாருங்கன்னு சொல்ல முடிஞ்சதால சத்தத்துக்கு ஒரு மரியாதை இருந்திச்சு. மஹ்மூத் நானாவ அப்பா சண்டைக்கு இழுக்கல, ஒரு காலையில கூட வாங்கன்னு மட்டும் சொல்லி ரபீகா வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயி அந்த நூல் தண்ணிக்குக் கீழ ஒரு வாளியப் பிடிக்கச் சொன்னாரு. மஹ்மூத் நானா பிடிச்சுக்கிட்டு நின்னாராம், உள்ள குழந்தை அழுதுச்சாம். அன்னையில இருந்து கடைக்கு வேண்டியத முதல் நாளே எடுத்து வச்சிடுறாரு. ஒரு கிழமைக்குள்ள லேன் முழுக்கப் பழகிட்டுது. குழந்தைக்கு நாப்பதாம் நாள் வந்தப்போ தாயும் புள்ளையும் வீட்டுப் பைப்புலயே குளிச்சாங்க, எங்களுக்குச் சாப்பாடு வந்திச்சு, அப்பா ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாரு.

பெரிய குழாய் இன்னும் சரியாகல, அதே ரெண்டு மணித்தியாலத் தண்ணிதான். போன வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு நல்ல காய்ச்சல், இப்ப சுகமாயிட்டுது, கவலப்படாத. அவருக்குப் பதிலா ஒபிஸ்ல இருந்து வேற ஒருத்தர் வந்தாரு, அவருக்கு நம்ம லேன் கத ஒண்ணும் தெரியாது, அஞ்சு மணிக்குத் தொறந்துட்டு அடுத்த ரோட்டுக்குப் போயிட்டாரு. நான் படியில போயி நின்னு பாத்தேன். ஒரு வீட்டுலயும் பைப் சத்தம் இல்ல. நானா கடையும் மூடி. தண்ணி மட்டும் குழாய்க்குள்ள நம்ம வீட்டத் தாண்டி மேல மேல ஏறிப் போகுது. ஆறு மணிக்கு உச்சியில இருந்து ரபீகா கையக் காட்டி, நெறஞ்சிட்டுது, நீங்க எடுங்கன்னு சத்தம் போட்டா. ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லல, தட்டல, கேக்கல. நான் அந்தப் படியிலயே உக்காந்து அழுதேன். என் புருசன நெனச்சு அவ்வளவு பெருமைப்பட்டது என் வாழ்க்கையில அதுதான் முதல் தரம், இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தின பிறகு. உள்ள போயி அவர்கிட்டச் சொன்னேன். அப்படியான்னு கேட்டுட்டுப் போர்வைய இழுத்துக்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு. அவ்வளவுதான் உங்கப்பா.

அதனால நான் அப்பா மாதிரின்னு இனிமே வாயத் தொறந்து சொல்லும்போது யோசிச்சுச் சொல்லு. ஆட்டிவைக்கிறதுதான் பொறுப்புன்னு நீ நெனச்சிருக்க, அத நெனக்க வச்சவளும் நான்தான். நீயே ஒருநாள் சொன்ன, துணி தேய்க்கிற சூடு மெசின் பக்கத்துல யாரும் நிக்க விரும்ப மாட்டாங்க, அதனால முதல் முறை நான் நின்னுடுவேன்மான்னு. அந்த நேப்பாளப் புள்ளைக்குப் புதுசுல துணி மடிக்கச் சொல்லிக் குடுத்ததும் நீதான். பேர் குடுக்காமலே அந்த வேலைய நீ செஞ்சுக்கிட்டுத்தான் இருக்க, இப்ப பேர் குடுக்கிறாங்க. வேணாம்னு சொல்றதுன்னா உடம்புக்கு ஏலாதுன்னு சொல்லு, நேரம் பத்தாதுன்னு சொல்லு, நான் ஏத்துக்கிறேன். எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத, அது பொய். தெய்வத்துக்குப் பொறந்த புள்ளைன்னு உன்னச் சொல்லல, பெரியதம்பிக்குப் பொறந்த புள்ளைன்னு சொல்றேன், அது போதும்.

நேரத்துக்குத் தூங்கு, அந்த ஏசிக் காத்துல தலைய நனைச்சுக்கிட்டு நிக்காத, ஊறுகாயத் தனியா ஒளிச்சு வைக்காம கூட இருக்கிறவங்களுக்கும் குடு. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில்ல உன் பேருக்கு அர்ச்சனை செஞ்சு விபூதி உள்ள மடிச்சு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை பதில் சொல்லப் போகும்போது பூசிக்கிட்டுப் போ. பரல் கதைய அப்பாகிட்டக் கேட்டுடாத, அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சத இன்னும் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. ஆனா ஒண்ணு மறக்காத. நீ அந்தப் பொறுப்ப எடுத்தா, உன்கூட இருக்கிற பதினோரு பேர்ல ஒருத்தி என்னைக்காவது என்ன மாதிரி கள்ளத்தனமா வால்வைத் தொறப்பா. அன்னைக்கு அவளுக்கு அப்பா எனக்குச் செஞ்சதச் செய்.

எல்லா நலமும் உன்னைச் சேரட்டும் மகளே,
உன் அம்மா,
பெ. வடிவம்மா.