எண்பத்தெட்டாம் எண்ணில் மெழுகு

நேற்று சாயங்காலம் கரண்ட் போனதும் மருமகள் மெழுகுவர்த்தியை ஏற்றி என் முன்னால் வைத்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். "என்ன மாமா, கொசு பிச்சுப் பிடுங்குமே" என்றாள். பிடுங்கட்டும் என்று நின்றேன். நீ செத்து ஆறு மாதமாகிறது, கூட்டாளி. சாவதற்கு முன்னாலேயே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாய். பதில் வராது என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்தில் பெயர்களைப் பட்டியல் எடுக்கும் வேலையை ஆரம்பித்தபோது நம் இருவரையும் பைத்தியம் என்றார்கள். நீ ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன்; நான் தாலுகா ஆபீசில் பதிவேடு எழுதியே கண் கெட்டவன். வெளியூரிலிருந்து ஒருவர் தன் தாத்தா கல்லறையைத் தேடி ஒரு பகல் முழுக்க முள்ளுக்குள் அலைந்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். அதை உன்னால் தாங்க முடியவில்லை. "நாம உசுரோட இருக்கையிலயே அம்புட்டுப் பேரையும் எழுதிப் போட்டிருவோம்லே" என்றாய். அழிந்த எழுத்தைப் படிக்க சலூன்காரரிடம் பழைய கண்ணாடி ஒன்று வாங்கி வந்தாய். வெயிலை அதில் பிடித்துக் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், தேய்ந்துபோன பெயர் எழும்பி வரும். நீ படிப்பாய், நான் எழுதுவேன். ஒரு பெயர் முழுசாகக் கிடைத்துவிட்டால் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! செத்தவரே எழுந்து வந்து கை கொடுத்ததுபோல இருக்கும்.

நோட்டில் கல்லறைக்கு ஓர் எண், பெயர்; கடைசிக் கட்டம், 'ஆள் வருகிறதா?' குடும்பம் இன்னும் வந்துபோகிறது என்றால், தேடி வருகிறவர்களை அவர்களோடு சேர்த்துவிடலாம் என்பது உன் யோசனை. கண்டுபிடிக்கும் வழியும் உன்னுடையதுதான். நவம்பரில் குடும்பங்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பது. உருகிய மெழுகு கிடந்தால் ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை. "மனுசன் பொய் சொல்லுவான், மெழுகு சொல்லாதுலே" என்று பெருமை வேறு.

போன வருடம் திருநாளன்று மழை ஊற்றியது. மறுநாள் போனால் தோட்டம் முழுக்கச் சேறு. பாதிக் கல்லறைகளில் மெழுகையே காணோம். நான் பேனாவை எடுத்தேன். "மழைல திரி எப்பிடிலே நிக்கும்? இப்ப சும்மா விடு, அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்றாய். கட்டத்தைக் காலியாக விடுவதாவது! எனக்கு ஆபீஸ் புத்தி. கிறிஸ்துமஸுக்குள் பட்டியல் தருவதாகக் கல்லறைக் கமிட்டியிடம் சொல்லியிருந்தேன். "உனக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும். பதிவேட்டைப் பத்தி எனக்குப் படிச்சுக் குடுக்காத" என்று உன் வாயை அடைத்தேன். இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக எழுதினேன். எண்பத்தெட்டாம் எண்ணுக்கும் அதுதான். வேப்பமரத்து மூட்டில், வேரை ஒட்டி இருந்த கல் அது. அதில் இருந்த பெயரைப் படிக்க நீ அரை நாள் கண்ணாடி பிடித்திருந்தாய்.

இடம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த கமிட்டிக்கு நம் பட்டியல் வசதியாகப் போயிற்று. பொங்கல் கழிந்ததும் ஜேசிபி வந்தது. ஆள் இல்லை என்று எழுதிய கல்லறைகளை மட்டும் எண் பார்த்துப் பெயர்த்தார்கள். டிரைவர் கையில் என் கையெழுத்தின் ஜெராக்ஸ். நீ குறுக்கே போய் நின்று கத்தினாய். "லிஸ்ட் நீங்க குடுத்ததுதானய்யா" என்றார்கள். நீ என் பக்கம் திரும்பி, "நீ எழுதுனதுதாம்லே தோண்டுது" என்றாய். அதோடு சரி. அப்புறம் டீக்கடையில் என் தலை தெரிந்தால் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவாய். எனக்கும் உன் மேல் கோபம்தான். அன்றைக்கு என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிச் சேற்றில் எறிய உனக்குக் கை இல்லையா?

மே மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாய். உன் மகன் பெங்களூரிலிருந்து வந்து இறங்குவதற்குள் குழி தயார். வேப்பமரத்து மூடு. எண்பத்தெட்டாம் எண் இருந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டியல் எழுதியது யார் என்ற பேச்சு வரும். வாயை மூடிக்கொண்டு மூன்று பிடி மண் போட்டேன்.

போன மாதம் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கமிட்டிக்குக் கொடுத்த கையோடு நாம் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட பட்டியல் அவள் செல்போனில் இருந்தது. "எங்க தாத்தா பேரு இதுல இருக்குய்யா. எண்பத்தெட்டு. இடத்தைக் காட்டுதீகளா?" வருடா வருடம் வந்துகொண்டிருந்தது அவள் அம்மாவாம். இப்போது அந்த அம்மாளுக்குக் கண் தெரியவில்லை என்று மகள் முதல்முறையாகக் கிளம்பியிருக்கிறாள். கடைசிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஆள் இல்லைன்னு போட்ருக்கே, ஏன்யா? போன வருசமும் எங்கம்மா வந்தாகளே. மழைல திரி பத்தவே இல்லைன்னு நனைஞ்ச பாக்கெட்டோட திரும்பி வந்தாக."

கூட்டிப்போய் உன் முன்னால் நிறுத்தினேன். சிலுவையில் உன் பெயரைப் படித்துவிட்டு, "இது வேற ஆளுல்லா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. "நல்லவேளை, எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

இந்தத் திருநாளுக்கு உன் மகன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். மறுநாள் காலை, பழக்கதோஷம், நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மழை இல்லை. உன் தலைமாட்டில் மெழுகு உருகிக் கிடந்தது. முந்தின நாள் ஒரு பெண் கண் தெரியாத தன் தாயைக் கைப்பிடித்துக் கூட்டிவந்ததாகத் தோட்டக் காவல்காரர் சொன்னார். "புதுச் சிலுவை போட்டுருக்கும்மா" என்று அவள் சொல்ல, அந்த அம்மாள் உன் சிலுவையைத் தடவித் தடவி "அப்பா, அப்பா" என்று அழுதிருக்கிறாள்.

உன் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. நோட்டும் இருக்கிறது. அங்கேயே அதை விரித்து, எண்பத்தெட்டுக்கு நேரே இருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினேன். யாருக்கு என்று எழுத நாம் கட்டம் போட்டிருக்கவில்லை.