முடிவு தெரியாத பேய்ப்படம்

என் உசிரான அண்ணே,

நீ போய் இரண்டாவது குறுவையும் அறுத்தாகிவிட்டது. இத்தனை நாள் எழுதாதவள் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் பேய்ப்படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அதே கதை, புது ஆட்கள். திருவாரூருக்குப் போன வாரம் வந்தது. நேற்று பகல் காட்சிக்குப் போனேன், தனியாக.

உனக்கு இந்நேரம் மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். டிவியில் எந்தப் பேய்ப்படத்தின் ரீமேக் ஓடினாலும், "பழைய சோத்த சுட வச்சா புதுச் சோறு ஆயிடுமா?" என்று ரிமோட்டைப் பிடுங்குவாய். நான் டீச்சர் அல்லவா, விட்டுக்கொடுப்பேனா? "நம்ம பேய் கையில வாட்ச் கட்டியிருந்துச்சே, அது மறந்துபோச்சா?" என்பேன். "பேய்னா நேரத்துக்கு வர வேணாமா? மணி பாக்கத்தான் கட்டியிருக்கு" என்பாய். இப்போது எதிர்ப்பேச்சுப் பேச ஆள் இல்லாமல் இரண்டு பேர் பேச்சையும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

அப்போது எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினாலு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நம் தெரு மொத்தமும் அறுப்புக்கு இறங்காமல் நின்ற வருஷம். பண்ணையார் வெளியூரிலிருந்து அடியாட்களை இறக்கியிருந்தார். பக்கத்து ஊரில் இரண்டு குடிசைகள் எரிந்துபோயிருந்தன. அப்பாவைப் போலீஸ் பிடித்துப்போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. "பொழுது சாஞ்சா ஒருத்தரும் வெளிய காலு வைக்கக் கூடாது" என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். நீயா கேட்பாய்? போஸ்டர் ஒட்டிக் கொடுத்ததற்காக சினிமாக் கொட்டகைக்காரர் உன்னைச் சும்மா உள்ளே விட்டார். கூட என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். போய்ப் பார்த்தால் மணல் தரையில் நம் தெருவே உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள்.

படத்தில், இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்கிற பெண்ணை ஜமீன்தார் குடிசைக்குள் வைத்துத் தீ வைக்கிறார். அவள்தான் பேயாக வருகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் திரையில் அந்தக் கூரை பற்றிக்கொண்டதும் முன்வரிசையில் யாரோ "அய்யோ, நம்ம தெரு!" என்று அலறினார்கள். அடுத்த நிமிஷம் மணல் தரை காலி. எல்லோரும் ஓடுகிறார்கள். நீ என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு ஓடினாய். உன் நெஞ்சு அடித்தது என் வயிற்றில் கேட்டது. அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் வீட்டில் தனியாக இருந்தார்கள்.

தெருவில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும், ஓடிவருவது நாம்தான் என்று? அடியாட்கள்தான் வருகிறார்கள் என்று பெண்கள் அரிவாளும் மிளகாய்த்தூளுமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதல் பிடி மிளகாய்த்தூள் உன் முகத்தில்தான் விழுந்தது, போட்டவள் அம்மா. நீ "நாந்தாம்மா, நாந்தான்!" என்று கத்திய பிறகு விளக்குமாற்றை எடுத்தாள். அடித்தாள், அழுதாள், அப்புறம் உன் கண்ணைக் கழுவிவிட்டாள். தெரு முழுக்க அழுகையும் சிரிப்புமாகக் கிடந்தது.

மறுநாள் டீக்கடையில் பண்ணை ஆட்கள் "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தார்கள். கண் வீங்கிப்போய் நின்ற நீ, "ஒங்களுது ஓட்டு வீடு, நீங்க சிரிக்கலாம்" என்றாய். படப்பெட்டி அன்றே வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தப் படம் மறுபடி நம் பக்கம் வரவே இல்லை. கடைசியில் பேய் என்ன ஆனது என்று நம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

நாற்றுப் பறிக்கும்போது ஆளுக்கொரு முடிவு சொல்வீர்கள். நீ சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பேய் நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போய், எரிந்த இடத்துக்குத் தன் பேரில் பட்டா கேட்டு வரிசையில் நிற்கும். தாசில்தார் பயந்துபோய் எழுதிக் கொடுத்துவிடுவார். அம்மா பேரில் மனைப்பட்டா வந்த அன்று, "பாத்தியா, வாங்கிக் குடுத்துட்டா" என்று பேய்க்கு ஒரு கும்பிடு போட்டாய். "என்னைக்காச்சும் அந்தப் படத்தோட முடிவ ரெண்டு பேரும் சேந்து பாக்கணும் செல்வி" என்று ஆஸ்பத்திரியில்கூடச் சொன்னாய்.

நேற்று பார்த்தது நல்ல படம் அண்ணே. பொய் சொல்ல மாட்டேன். புதுப் பேய் கையில் வாட்ச் இல்லை. நடிப்பும் சத்தமும் பழசைவிட எவ்வளவோ மேல். தீ வந்தபோது அனல் முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் ஒரு பையன் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். யாரும் ஏன் ஓடவில்லை என்று எனக்கு ஒரு கணம் கோபமே வந்தது. அவர்கள் பயப்படாமல் படம் பார்க்கத்தானே நீங்களெல்லாம் அடிபட்டீர்கள் என்று பிறகுதான் உறைத்தது. கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

"மேடம், உக்காருங்க, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன். கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, நம் ஊரில் இறங்கி, வாய்க்கால் கரையோடு வேகவேகமாக நடந்தேன். முழங்கால் வலி நினைவுக்கே வரவில்லை.

தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது எல்லாம் கான்கிரீட் வீடு. உன் மகன் திருப்பூரிலிருந்து பொங்கலுக்குத்தான் வருவான், அதனால் உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டு மல்லிகா, "என்னக்கா, இப்புடி வேர்த்து விறுவிறுத்து வர்றீங்க? என்னா ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் இல்ல மல்லிகா. சும்மா, வீட்ட ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னுதான்" என்றேன்.

பூட்டை இழுத்துப் பார்த்தேன். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், வெயில் சூடுதான். அன்றைக்கு அப்படி ஓடிவந்தபோது விளக்குமாற்றால் அடிக்கவாவது அம்மா இருந்தாள். நேற்று என்னை ஒருவரும் அடிக்கவில்லை அண்ணே. வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பினேன்.

புதுசு பழசுக்கு ஈடாகுமா என்ற சண்டையில் நீ ஜெயித்தாயா, நான் ஜெயித்தேனா? எனக்குத் தெரியவில்லை. பழைய படத்தையும் நாம் பாதிதான் பார்த்தோம். இதையும் நான் பாதியில்தான் விட்டேன். மீதிக்கு நான் போகமாட்டேன். யாராவது முடிவைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வேன். நீ சொன்ன முடிவே இருக்கட்டும். நான் அங்கே வரும்வரை அவள் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கட்டும். மீதியை நாம் சேர்ந்து பார்ப்போம்.

உன் தோளில் தொங்கியபடி வீடு வந்து சேர்ந்த தங்கச்சி,
செல்வி