ராமராஜனுக்கு வந்த படம்

காஞ்சிபுரம்,
மார்ச் 9

அன்பு நண்பன் அருளுக்கு,

ஹயாத் பாஷா எழுதுவது. நானும் ஃபரீதாவும் சுகம். உன் வீட்டில் ஜீவிதாவின் முதுகுவலி குறைந்ததா? போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை; அதனால்தான் கடிதம்.

ராமராஜனுக்காக நீ என் ஃபிரேம் கடை விலாசத்துக்கு அனுப்பிய படம் ஜனவரியிலேயே வந்துவிட்டது. வரவில்லை என்று உன்னிடமும் அவரிடமும் சொன்னது பொய்.

அமெரிக்கப் போர் ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை நான் இருபத்திரண்டு வருஷமாகச் சேர்க்கிறேன். எல்லாம் நீ அங்கிருந்து அனுப்பியவை. ஒவ்வொன்றும் எந்தப் போர், எந்தப் படை என்று தேடிப் படித்திருக்கிறேன். தாமல் ராமராஜன் சேர்க்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம்தான். நீ ஊருக்கு வந்தபோது அவரை உனக்கு அறிமுகம் செய்ததே நான்.

சட்டம் போடத்தானே என்று படம் வந்த அட்டை உருளையைப் பிரித்தேன். உள்நாட்டுப் போர்க் குதிரைப்படை மழையில் ஆற்றைக் கடக்கிறது. சேணத்தில் நீர் வழிவதுகூட நிஜம்போல இருந்தது. கீழே ஓவியரின் கையெழுத்து, பென்சிலில் பிரதி எண். என்னிடமுள்ள பதினேழில் ஒன்றிலும் கையெழுத்து கிடையாது. சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

ராமராஜன் வாரம் தவறாமல் வந்து, "என்னா பாய், இன்னும் வரலியா?" என்பார். "வந்துக்கினு இருக்குதுப்பா" என்பேன். அவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடை பெருக்க வந்த ஃபரீதா கண்டுபிடித்துவிட்டாள். "பொறாம படத்து மேலயா, ஆளு மேலயா?" என்று கேட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, இருப்பதிலேயே நல்ல தேக்கில் சட்டம் போட்டுத் தாமலுக்கு எடுத்துப் போனேன். ஒளித்து வைத்ததை ராமராஜனிடம் சொன்னேன். அவர், "கேட்டிருந்தா ஒரு மாசம் உன் கடையிலயே மாட்டிக்கச் சொல்லியிருப்பேனே பாய்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருவருமாகப் பிடித்து அதை அவர் வீட்டுச் சுவரில் மாட்டினோம்.

கையெழுத்துகூட எனக்குப் பெரிதில்லை, அருள். அந்த உருளைக்குள் அவருக்கு நீ எழுதிய கடிதமும் இருந்தது. சத்தியமாகப் படிக்கவில்லை, அதையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். ஆனால் நான்கு பக்கம் என்று பார்த்துவிட்டேன். எனக்கு வந்த உருளை எதிலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இருந்ததில்லை.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இனி எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். திட்டியாவது உன் கையால் எழுது.

உன்
ஹயாத் பாஷா