நான் சொல்லாமல் விட்ட கிணறு

நேற்று மலையில் நனைந்த கம்பளியை இன்று காலை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் உலரப் போட்டேன். ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் சேர்ந்த வாடை காம்பரா முழுக்கப் பரவியது. நீ செத்துப்போனாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் வீட்டுக்காரர் எழுதிய கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. காய்ச்சலில் கிடந்தாள், ஒரு வாரத்தில் போய்விட்டாள், உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னாள் என்று மூன்றே வரி. படித்தேன், மடித்து வைத்தேன், காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். அழுகை வரவில்லை. எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

நான் இந்த மலைக்கு வந்தது கல்யாணமான இருபதாம் நாள். முசிறிப் பக்கத்துக் கிராமத்தைத் தாண்டி எதையும் பார்த்திராதவள். கப்பலில் வாந்தி, ரயிலில் குளிர், தெமோதரையில் இறங்கி மழையில் ஏற்றம். லயம் என்ற நீண்ட வரிசை வீட்டில் எங்களுக்குக் கொடுத்த ஒற்றை அறைக்குக் காம்பரா என்று பேர் சொன்னார்கள். அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தபோது அடுத்த காம்பராவிலிருந்து நீ வந்தாய். என் வயசுதான். ஒரு கையில் சிரட்டை நிறைய நெருப்பு, இன்னொரு கையில் சாயத்தண்ணி, பால் இல்லாத தேநீர்.

"ஊரிலேர்ந்து வந்த புள்ளயா? இங்க வெறகு சும்மா புடிக்காது. மொதல்ல மிளாரைப் போடணும்" என்று, கவ்வாத்து வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சிகளை நீயே ஒடித்து வைத்தாய்.

நீ போனதும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவுங்க என்ன ஆளுக என்று. சொன்னார். எங்கள் ஊரில் உங்கள் ஆட்கள் கையால் நாங்கள் எதையும் வாங்கிக் குடிப்பதில்லை. சாயத்தண்ணியைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடைக் கானில் ஊற்றினேன். நிமிர்ந்தால், நீ அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்தாய். பார்த்தாய். மறுநாள் காலையிலும் சிரட்டையில் நெருப்போடு வந்து நின்றாய்.

மலையில் முதல் நாள் காலெல்லாம் அட்டை ஏறி, கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். கங்காணி கத்தினார். நீ என்னைப் பிடித்து உட்காரவைத்து, மடியிலிருந்து சவுக்காரத் துண்டை எடுத்து என் கால் இரண்டிலும் தேய்த்துவிட்டாய். "ஓடுனா உட்டுருமா? ஒரு மாசம் பொறு. கால்ல இருக்கறதே தெரியாது." மூன்றாம் மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. அவர் தேயிலை ஆலையான இஸ்டோரில் வேலைக்குப் போயிருந்தார். நீ கஞ்சி காய்ச்சி என் தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினாய். குடித்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுப் பானை, எந்த வீட்டுக் கை என்று நான் பார்த்ததில்லை. இந்த நாட்டில் பழகிக்கொண்டதிலேயே பெரியது அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ இந்த லயத்திலேயே பிறந்தவள். உன் அம்மாவும் அப்படித்தான். இந்தியா உனக்கு ஒரு சொல், அவ்வளவுதான். பிரஜாவுரிமைக்கு எல்லாரும் மனுப்போட்டபோது எங்கள் பேர் பதிவாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ள ஊருக்கு வந்த அந்த ஒரு மாதம் தவிர என் வீட்டுக்காரர் தோட்டத்தை விட்டுப் போனதேயில்லை, பள்ளிக்கூடப் பதிவிலும் அவர் பேர் இருந்தது. அவர் பேரோடு பின்னால் என் பேரும் ஏறியது. உன் வீட்டுக்காரர் தாயின் சீக்குக்காக இந்தியா போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டவர். அதனால் அவர் மனுவையும், அதோடு சேர்த்து உன்னுடையதையும் தள்ளிவிட்டார்கள். பதுளைக் கச்சேரி ஆபீசில் அந்தக் காகிதத்தை வாசித்துச் சொன்னது நான்தான். பஸ்ஸில் திரும்பும்போது நீ சிரித்தாய்.

"நேத்து வந்தவ நீ இருக்கலாமாம். இங்கனயே பொறந்த நான் போவணுமாம். யாருகிட்டப் புள்ள கேக்கறது?"

சில வருஷம் இழுத்துப் பார்த்தீர்கள். கடைசியில் உன் வீட்டுக்காரர் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார். துறையூர்ப் பக்கம் அவருடைய தகப்பன் ஊர். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது என்னிடம் வந்தாய். "அங்க எப்புடி இருக்கணும்னு சொல்லித் தா" என்றாய்.

சொன்னேன். சித்திரையில் மத்தியானம் வெறுங்காலோடு நடக்காதே. காம்பரா என்று சொல்லாதே, சிரிப்பார்கள். அங்கே மலைத்தண்ணீர் கொட்டும் பீலி கிடையாது, தண்ணீர் கிணற்றில் இருக்கும், இறைக்க வேண்டும். இறைப்பது என்றால் என்ன என்று கேட்டாய். தோட்டத்தில் ஏது கிணறு? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைப் பாலத்துக்கு உன்னைக் கூட்டிப்போய், குடத்தின் கழுத்தில் கயிற்றைக் கட்டி மேலேயிருந்து இறக்கச் சொன்னேன். குடம் மிதந்தது. எட்டி எட்டிப் பார்த்தாய். கயிற்றை ஒரு வெட்டு வெட்டு, குடம் சாயும் என்றேன். நாலாம் தடவை நிறைந்தது. இழுத்து மேலே வைத்துவிட்டு, உள்ளங்கைச் சிவப்பை எனக்குக் காட்டினாய்.

"பீலியில தண்ணி தன்னால வருது. அங்க நாம போயில்ல கூப்புடணும் போல!"

பாலத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ போன மூன்றாம் மாதம் முதல் கடிதம் வந்தது. யாரையோ வைத்து எழுதியிருந்தாய், ஆனால் பேச்சு உன்னுடையதுதான். "வெயில் தாங்கிக்கிட்டேன். தண்ணி எறைக்க நல்லா வருது. ஆனா நான் போன மொத நாளே கிணத்தடியில இருந்த பொம்பளைக கொடத்தைப் புடுங்கி ஒடைச்சிட்டாளுக. அது ஊர்க் கிணறாம். எங்களுக்கு வேற கிணறாம், அரை மைலு. ஒனக்குத் தெரியாதா புள்ள?"

சாதி என்று ஒன்று இருப்பது உனக்கும் தெரியும். கல்யாணம், திருவிழா என்றால் லயத்திலும் அது எட்டிப் பார்க்கும். தண்ணீரிலும் அது இருக்கும் என்பதுதான் உனக்குத் தெரியாது. ஒரே பீலியில் குடம் வைத்து வளர்ந்தவள் நீ.

பதில் எழுதினேன். மழையைப் பற்றி, புதுக் கங்காணியைப் பற்றி, உன் காம்பராவுக்குக் குடிவந்தவர்களைப் பற்றி இரண்டு பக்கம். நீ கேட்டதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. நீ மறுபடி கேட்கவும் இல்லை. பிறகு வந்த கடிதங்களில் ஆடு வாங்கியதும் கூரை வேய்ந்ததும்தான் இருந்தன.

மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அன்று பாலத்தில் கயிற்றுக்கு முடிச்சுப் போடும்போதே வாய் வரைக்கும் வந்தது. அங்கே இரண்டு கிணறு இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், "அப்ப ஒன் கிணறு எது புள்ள?" என்று நீ கேட்டிருப்பாய். என் முகத்தைப் பார்த்தபடி கேட்டிருப்பாய். அதற்குப் பயந்து, எதுவும் சொல்லாமல் உன்னை அனுப்பிவைத்தேன். நீ கேட்காமல் போன அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. தினமும் கேட்கிறது.