கந்தகம் ஒட்டாத இடம்

2024 ஜூன் 11, செவ்வாய்

தாள் கறுத்துவிட்டது. கறுத்திருக்கக் கூடாது.

வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் நொதி. கந்தகத்தை அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாக மாற்றும். வாயு வந்தால் ஈய அசிடேட் தாள் கறுக்கும். படிகத்தின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் நொதியிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றின் மேல் சின்ன முடிச்சு தெரிந்தது. கந்தகம் ஒட்டுவது இங்கேதான் என்று கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டோம். அந்த சிஸ்டீனை மாற்றினால் நொதி வேலை செய்யாமல் போகிறதா என்று மதிப்பீட்டாளர் கேட்டார்.

மாற்றினேன். அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

ஜூன் 14, வெள்ளி

மறுபடியும் செய்தேன். கறுப்புதான்.

ஜூன் 15, சனி

என் வழிகாட்டி பிராங்கிளின் சாரிடம் சொன்னேன். அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவருக்கு இதுதான் கடைசிக் கட்டுரை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய நொதி கொஞ்சம் கலந்திருக்கும்மா."

"இல்ல சார், சரிபாத்துட்டேன்."

"அப்ப மாத்தின புரோட்டீன் சரியா மடிஞ்சு உருவம் எடுக்கல, சோதிக்க முடியலன்னு எழுதிருவோம். யாரு கேக்கப் போறா?"

சரி சார் என்றேன். நானா சொன்னேன்? நான்தான்.

ஜூன் 17, பக்ரீத்

தொழுத கையோடு அத்தா தோல் மண்டிக்குப் போய்விட்டார். வந்து குவியும் தோல்களுக்கு உப்புப் போட ஆள் போதாது.

கறி வதக்கிக்கொண்டே இஃப்பத் அக்கா கேட்டாள்: "ஏண்டி மூஞ்சி இப்புடி இருக்கு?"

சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? சார் சொன்னத எழுதிட்டு வெளிய வா பாஸிலா. மாப்பிள்ள வீட்ல இன்னும் எத்தன தடவ கல்யாணத் தேதிய மாத்துவாங்க?"



ஜூன் 19, புதன்

அந்த வரியைத் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன்.

படிகம் வளர்க்கப் போன வாரம் போட்டுவைத்த சொட்டுகளைப் பார்க்கப் போனால் — மாத்தின புரோட்டீனும் படிகமாயிருச்சு. நல்லா மடிஞ்சாத்தான படிகமாகும்? இம்புட்டு அழகா மின்னுறத வச்சுக்கிட்டு மடியலன்னு எப்படி எழுதுறது? என்னால முடியல.

ஜூன் 20, வியாழன்

சாரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தேன். கண்ணை எடுக்காமலே, "எப்ப வந்துச்சு?" என்றார்.

"நேத்துத்தான் பாத்தேன் சார்."

அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கட்டுரைய வாபஸ் வாங்குறேன்னு நானே எழுதிடுறேன். நீ வீட்டுக்குப் போம்மா."

பஸ்ஸில் அழுதேன். நிம்மதியா, பயமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாப்பிள்ளை வீட்டில் வேறு இடம் முடித்துவிட்டார்கள். "விடுத்தா" என்று மட்டும் சொன்னார் அத்தா.

நவம்பர் 8, வெள்ளி

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நொதி எப்படி வேலை செய்கிறது என்ற பகுதியில், கந்தகம் இங்கேதான் ஒட்டும் என்று சார் வரைந்திருந்த அம்புக்குறிகள் எதுவும் இல்லை.

2025 பிப்ரவரி 6, வியாழன்

வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் படத்தைக் காட்டிக் கேட்டார்: "அப்ப கந்தகம் எங்கதாம்மா ஒட்டுது?"

"தெரியல சார். இங்க இல்லன்னு மட்டும் தெரியும்."

பிராங்கிளின் சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அடுத்து எந்த சிஸ்டீன மாத்திப் பாக்கலாம்?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் வெளியூர்ப் பேராசிரியர். பிறகு மூவரும் பேசிக்கொண்டே இருந்தோம். வாங்கிவைத்த டீ ஆடை கட்டிவிட்டது.

அத்தாவுக்கு போன் செய்தேன். "டாக்டர் ஆயிட்டியாத்தா?" என்றார்.

"ஆயிட்டேன்."

"வந்து செத்த நேரம் படு."

வந்து படுத்தேன். எழுந்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.