ஓகே ஸ்டிக்கர்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

பிளேடு மாற்ற வேண்டும். இன்று தாடைக்குக் கீழே கீறிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் மோனிகா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ரத்தம்?" என்றாள். பூனை என்றேன். எங்கள் வீட்டில் பூனையே இல்லை.

புத்தாண்டுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. யாரிடமும் சொல்லாததை எழுதத்தானே இது? முதல் நாளே எழுதிவிடுகிறேன். எனக்கு மீசையும் தாடியும் வளர்கிறது. பதினெட்டு வயதிலிருந்து. தினமும் நாலே முக்காலுக்கு எழுந்து, பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டு, சோப்பு நுரை தடவி மழித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். யாராவது தட்டினால் வயிறு சரியில்லை என்பேன். ரேசர் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், பழைய பவுடர் டப்பாவில் இருக்கிறது. வீட்டுக்காரர் லோகுவுக்கு இரும்பு மில்லில் நைட் டூட்டி; அவர் வரும் நேரத்தில் நான் கவரைப்பேட்டையில் பஸ் ஏறியிருப்பேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவருக்குத் தெரியாது. சோனியாவுக்கும் தெரியாது.

தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

சோனியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி முன்னால் நின்றாள். குடியரசு தினத்துக்கு நாடகமாம். ராஜா வேஷத்துக்கு யார் என்று டீச்சர் கேட்டதும் ஒருத்தி எழுந்து, "சோனியா மிஸ்! மீசை வரையவே வேணாம், ரெடியா கீது" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சரும் சிரித்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

"எனக்கு மட்டும் ஏம்மா இப்டி? உனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வேறு வந்தது: "உங்க அத்தைக்கு அப்டித்தான் இருந்துச்சு. உங்கப்பா பக்கத்து வாகு."

பள்ளிப்பட்டில் இருக்கும் நாத்தனார் கிறிஸ்டினா தலையில் எவ்வளவு சுலபமாகக் கட்டிவிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருபவள்தானே என்ற தைரியம்.

ஜனவரி 23, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்கிறாள். அந்தப் பொய் யாரிடம் கற்றது என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 30, வியாழன்

இந்த வாரம் ஒரே ஒரு நாள்தான் போனாள், மாஸ்க் மாட்டிக்கொண்டு. மதியச் சோற்றைத் தொடாமல் கொண்டுவந்தாள். சாப்பிட மாஸ்க்கை இறக்க வேண்டுமே.

வகுப்பு டீச்சர் போன் செய்தார். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு, மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு, இப்படி லீவு போட்டால் எப்படி என்று. சிரித்தவர் இவர்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சோனியாவோ, "பரீட்சையே எழுதல, என்ன உட்டுடு" என்கிறாள். என்னைப் போல இவளும் பத்தாவதோடு நின்று, தகடு வெட்டும் பிரஸ் மெஷின் முன்னால் வந்து நிற்பாளா? மாட்டேன். விடமாட்டேன்.

கேன்டீனில் மோனிகாவிடம், பெண்ணுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அவள் க்யூசியில் இருக்கிறாள். முடிந்த பாகங்களைப் பார்த்து ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். வழவழவென்று இருந்தது. "வீட்லயே பண்ற லேசர்க்கா. போன்ல ஆர்டர் போட்டேன். ரெண்டு மாசம்தான்." மோனிகா நல்ல சிவப்பு. நானும் சோனியாவும் கறுப்பு.

பிப்ரவரி 8, சனி

மெஷின் வந்துவிட்டது. சோனியாவே பிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு.

லேசர் என்று நாம் சொல்கிறோம். கூட வந்த புத்தகத்தில் வெளிச்சம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆறு கட்டத்தில் ஆறு தோல் நிறம். கடைசிக் கட்டம் கறுப்பு, அதன் மேல் ஒரு பெருக்கல் குறி. பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது என்றும் இருந்தது. படித்தேன். படிக்கவில்லை என்று நான் சொல்ல முடியாது.

அவள் மேலுதட்டில் வைத்து அழுத்தினால் வெளிச்சம் வரவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டியது. உள்ளங்கையில் வைத்தால் பளிச்சென்று அடிக்கிறது. உதட்டில் வைத்தால் மறுபடி சிவப்பு. தோல் எவ்வளவு கறுப்பு என்று பார்க்க முனையில் ஒரு சென்சார் இருக்கிறது, அது சம்மதித்தால்தான் அடிக்குமாம்.

சோனியா மெஷினைப் பெட்டிக்குள் வைத்தாள். "இதுக்குக்கூட என்ன புடிக்கலம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் செய்தேன்.

எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். நின்றால் டார்கெட் குறையும். அவசர ஆர்டர் வந்தால் லைன் லீடர் துளசிராமன் சென்சாரின் கண்ணில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். அப்புறம் கை போனாலும் அதற்குத் தெரியாது. ஆறு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். பத்து விரலும் இருக்கிறது. சென்சார் என்றால் ஏமாற்ற வேண்டிய ஒன்று என்று மனதில் ஊறிவிட்டது.

யூனிபார்ம் பாக்கெட்டில் மோனிகாவின் ஓகே ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தாள். அதைக் கிள்ளி மெஷின் முனையில் இருந்த சென்சார்மேல் ஒட்டினேன். சோனியா பார்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டில் வைத்தேன். அடித்தது! சிரித்தேன். நான் சிரித்தேன்!

மூன்றாவது அடிக்கு அவள் தலையை இழுத்துக்கொண்டாள். "எரியுதும்மா." முடி கருகும் வாசனை வந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோ, அழகாயிடுவ" என்றேன். இன்னும் மூன்று அடித்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கொப்புளம். மூக்குக்குக் கீழே, மெஷின் முனை எவ்வளவோ அவ்வளவு கட்டம் கட்டமாக. கடவுளே, இன்னாத்த பண்ணி வெச்சேன் நான்?

பிப்ரவரி 11, செவ்வாய்

லீவு போட்டுத் தோல் டாக்டரைப் பார்க்கத் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயது. வீட்டு லேசர் என்று சொன்னதும், "இந்த மெஷின்ல சென்சார் இருக்குமே. இந்த ஸ்கின்னுக்கு அடிக்காதே. எப்படி அடிச்சுது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சோனியா சொல்லிவிட்டாள்: "நான்தான் டாக்டர். அம்மா வேலைக்குப் போயிருந்தப்போ ஸ்டிக்கர் ஒட்டிப் பண்ணேன். அம்மாக்குத் தெரியாது."

பதினைந்து வயதுப் பிள்ளை திட்டு வாங்குகிறது. நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

களிம்பு எழுதிக்கொண்டே டாக்டரம்மா, "குடும்பத்துல யாருக்காவது இப்படி முடி இருக்கா? உங்களுக்கு?" என்று என் முகத்தைப் பார்த்தார். காலையில் மழித்த முகம். இல்லை என்றேன். "அவ அத்தைக்கு."

பிப்ரவரி 12, புதன்

லோகு கேட்டபோதும் சோனியா அதையே சொன்னாள். அவர் மெஷினை எடுத்து பீரோமேல் போட்டுவிட்டு, "அறிவு கீதா உனக்கு?" என்று அவளைத்தான் கத்தினார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விஷயம் கேள்விப்பட்டு கிறிஸ்டினா பள்ளிப்பட்டிலிருந்து வந்துவிட்டாள். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி. சோனியாவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்து, "ஐயோ, கொழந்த முகத்த" என்று கட்டிக்கொண்டாள். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைச் சோனியா பார்த்தது இன்றுதான்.

நான் உள்ளே காபிக்குப் பால் வைத்திருந்தேன். கேட்டது.

"அத்தை, உங்களுக்கும் என்ன மாதிரி முடி இருந்துச்சாமே. எப்டிப் போச்சு?"

"எனக்கா? இன்னாடி சொல்ற? எனக்கு எங்கடி இருந்துச்சு? புருவமே இல்லன்னு எங்கம்மா மை தடவி உடும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

நாத்தனார் போன பிறகு சோனியா சமையலறைக்கு வந்து நின்றாள். "அப்போ யாருக்கு?" என்றாள். எனக்கு என்றேன். பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன். ரேசரைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீ எரிச்சதுகூடப் பரவால்லம்மா. எனக்கு நல்லது பண்ணலாம்னுதான் பண்ண. ஆனா நான் ஒருத்திதான் இப்டின்னு இத்தினி நாளா நெனச்சினு இருந்தேன். நீ பக்கத்துலயே இருந்துக்கினு..."

ரேசரை மேடைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பேசவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

செய்முறைத் தேர்வுக்கு மாஸ்க்கோடு போனாள். டீச்சரே வாசலில் காத்திருந்து கூட்டிப்போனாராம். லோகு சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. தேவையானதையெல்லாம் அப்பாவிடம் கேட்கிறாள். நான் தட்டில் வைத்தால் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். புத்தகம் எடுத்த மாதிரி தெரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

வியாழக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமையிலிருந்து நான் மழிக்கவில்லை. வாயால் சொன்னால் கடைசி நேரத்தில் மாற்றிச் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். முகமே சொல்லட்டும். இன்னா இது என்று லோகு நேற்றுக் கேட்டார்; வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

கம்பெனியில் மோனிகாதான் முதலில் பார்த்தாள். கேன்டீனில் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மதியம் துளசிராமன் ஸ்டிக்கரோடு வந்தார். அவசர ஆர்டர். "வேணாண்ணே, ஒட்டாதீங்க" என்றேன்.

"ஆறு வருஷமா ஓட்டினு இருக்க, இன்னிக்கு இன்னா புதுசா?"

"என் பொண்ணு மூஞ்சில பாத்துட்டேண்ணே."

அவருக்குப் புரிந்திருக்காது. நாளையிலிருந்து பேக்கிங் செக்‌ஷனுக்குப் போ என்றார். சரி என்றேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசும்போது அவர் கண் ஒரு நொடி என் தாடையில் நின்றது. நின்றால் நிற்கட்டும். வரிசையில் எனக்குப் பின்னால் சோனியா.

மார்ச் 6, வியாழன்

டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "ஸ்டிக்கர் ஒட்டினது நான். அவ இல்ல. முடியும் எனக்குத்தான். அத்தைக்கு இல்ல." டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, பேனாவை மூடிவைத்துவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே டெஸ்ட் எழுதியிருப்பேனேம்மா" என்றார். திட்டவில்லை. ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எழுதினார், இரண்டு பேருக்கும். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கு வருவது சகஜமாம், மருந்து உண்டாம். மழித்தால் அடர்த்தியாக வளரும் என்பது சும்மா பேச்சாம். உதட்டில் தழும்பு மங்க ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். முழுக்கப் போகுமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

சோனியா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் லோகுவிடமும் சொன்னேன், எல்லாவற்றையும். அவர், "பதினாறு வருஷமா என் பிளேடு பாக்கெட்ல கொறைஞ்சினே இருந்துச்சு. கடைக்காரன் ஏமாத்துறான்னு நாலு கட மாத்திட்டேன்டி" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. அப்புறம் அவர் சோனியாவிடம் போய், அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி மழித்துவிட்டேன். என் வீரமெல்லாம் ஆறு நாள்தான்.

மார்ச் 19, புதன்

புத்தகம் திறந்திருக்கிறது. என்னிடம் இன்னும் பேச்சில்லை.

மார்ச் 28, வெள்ளி

இன்று தமிழ்ப் பரீட்சை. சுலபமாக இருந்தது என்றாள். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனாள், வருஷம் முழுக்கப் போடுவாளோ என்னவோ. அது இருக்கட்டும். காலையில் நடந்ததை எழுத வேண்டும்.

லீவு போட்டிருந்தும் நாலே முக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது. பாத்ரூமில் பாதி முகம் மழித்திருப்பேன், கதவு தட்டும் சத்தம் கேட்டது. கை பாட்டுக்கு ரேசரை டிரம்முக்குப் பின்னால் கொண்டுபோனது. வயிறு சரியில்லை என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். யாருக்குப் பயந்து? தாழ்ப்பாளை நீக்கினேன்.

சோனியா தமிழ்ப் புத்தகத்தோடு நின்றாள். மழித்த பக்கம், நுரை இருந்த பக்கம், இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள். அவள் மேலுதட்டில் அந்தக் கட்டங்கள், முன்னைவிடக் கொஞ்சம் மங்கலாக.

"மனப்பாடப் பாட்டு சொல்லணும். கேளும்மா" என்றாள்.

கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். "நீ பண்ணினே கேளு. பரவால்ல" என்றாள். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து நான் பார்க்கும்படி டிரம் மூடிமேல் சாய்த்துவைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நாலாவது அடியில் தடுமாறினாள். நுரை வாயில் போகாமல் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தேன். கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள். "தாடைக்குக் கீழ உட்டுட்ட பாரு" என்றாள். பிறகு முதலிலிருந்து, நிறுத்தாமல், முழுப் பாட்டையும் சொன்னாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை கதவு திறந்தே இருந்தது.